காலுக்கு நிழல், தலைக்கு வெயில்

யாரும் மிதிக்காத தையல் மெஷினில் நூல்கண்டு சுற்றிக்கொண்டிருந்தது.

மகளுக்குப் பால் எடுத்துக்கொண்டு வந்தவள் கூடத்திலேயே நின்றுவிட்டாள். மெதுவாக ஒரு சுற்று, சற்று நிறுத்தம், மறுபடி ஒரு சுற்று. நீல நூல் மேஜையைத் தாண்டி, நாற்காலி முதுகை உரசி, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே வெளியே போய்க்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. எல்லாம் வெளிச்சுவரில் படர்ந்திருந்த கிளமாட்டிஸ் என்ற பூங்கொடியின் வேலை. அது இலைக்காம்பால் பற்றித்தான் ஏறும். நூலோ கம்பியோ, மெல்லிசாக எது கிடைத்தாலும் காம்பு வளைந்து முறுக்கிக்கொள்ளும். காற்றில் ஆடி இழுத்திருக்கும் என்று கத்தரியால் நூலை வெட்டினாள். வெட்டிய பிறகுதான் வெளியே ஓர் இலைகூட அசையவில்லை என்பதைக் கவனித்தாள்.

வீடு மாமியாருடையது, கொடியும் அவருடையது. தன் மகளுக்குப் பிரசவம் பார்க்கக் கிளம்பும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கொடிக்குத் தண்ணி ஊத்தாட்டியும் பரவாயில்ல. நத்தைய மட்டும் தொடாதே."

தொடக்கூடாதாம்! அவர் கையில் அந்தக் கொடி ஆண்டுக்கணக்கில் கந்தலாகக் கிடந்தது. துளிர் விட்டால் மறுநாளே நத்தைகள் மொட்டையடித்துவிடும். மாமியார் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். அவர் திரும்பி வரும்போது சுவர் முழுக்கப் பூவாக இருக்க வேண்டும், வாயடைத்து நிற்க வேண்டும் என்று மருமகள் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள்.

நர்சரிக்காரர் வழி சொன்னார். "இதுக்குக் காலுக்கு நிழல், தலைக்கு வெயில் வேணும்மா. வேரை மக்கின இலையால மூடிடுங்க. தண்டை இறுக்கிக் கட்டாதீங்க, நசுங்கிடும். எட்டு போடற மாதிரி லூசா முடிச்சுப் போடுங்க." அப்படியே செய்தாள். தன் தையல் நூலாலேயே கட்டினாள். முட்டை ஓட்டை நொறுக்கி வேரைச் சுற்றி வட்டம் போட்டாள். அதையும் தாண்டி வந்த நத்தைகளைப் பொழுது சாயும் நேரத்தில் பொறுக்கி, பின்கதவோரம் வைத்த உப்புத்தண்ணீர் வாளியில் போட்டாள். கடைசி நத்தை போன வாரம் வாளிக்குள் போனது.

அதன் பிறகு கொடியைப் பிடிக்க முடியவில்லை. உள்ளங்கை அகல ஊதாப் பூக்கள், ஜன்னலையே மறைக்கும் இலைகள். இன்று கூடத்தில் வெளிச்சம் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே மங்கியிருந்தது. பூவின் இனிப்பு வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை, ஈர மண்ணும் அழுகின இலையும் கலந்தது, உள்ளே வந்து தங்கியிருந்தது. சுவருக்கு வெளியே ஏதோ மெல்ல உரசி நகரும் சத்தம் கேட்டு, நின்று, இன்னும் கொஞ்சம் மேலே கேட்டது.

கொடியைக் கொஞ்சம் விலக்கிவிடலாம் என்று வாசல் கதவை இழுத்தாள். தாழ் விலகியது. கதவு வரவில்லை. மீண்டும் இழுத்தபோது இடுக்கில் பச்சைக் காம்புகள் தெரிந்தன. வெளிப்பக்கக் கைப்பிடியில் நெருக்கமாகச் சுற்றியிருந்தன. பின்கதவுக்கு ஓடினாள். அதுவும் அப்படியே. கணவன் லாரியோடு எங்கேயோ ஓடிக்கொண்டிருப்பான். மாமியாருக்குப் போன் போட்டாள்.

"அத்தை, கொடி கதவைப் புடிச்சுக்கிட்டு நிக்குது. ரெண்டு கதவும் தொறக்க மாட்டேங்குது."

மாமியார் முதலில் கேட்டது ஒன்றே ஒன்று.

"நத்தை இருக்குதாம்மா?"

"இல்லத்தை. எல்லாத்தையும் ஒழிச்சுட்டேன்."

"புள்ள எங்கே?"

"ஜுரம் அத்தை. உள்ளே தூங்கறா. ஜன்னலோரக் கட்டில்ல."

"தூக்கிக்கோ. முதல்ல புள்ளையத் தூக்கிக்கோ. நானும் இப்படித்தான், என் மூத்தவள..."

தொடர்பு அறுந்தது. அவளுக்குத் தெரிந்து கணவனுக்கு ஒரே ஒரு தங்கைதான். அக்கா ஒருத்தி இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

அப்போது உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது, தூக்கக் கலக்கத்தோடு.

"அம்மா, கைய விடும்மா. கூசுது."

அவள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

மேஜைமேல் வைத்திருந்த பால் தம்ளர் இடிபட்டுக் கீழே விழுந்தது. ஓடினாள். அறைக்கதவு பாதிதான் திறந்தது. தோளால் இடித்து உள்ளே நுழைந்தாள்.

குழந்தை கட்டிலில் இருந்தாள். உயிரோடுதான் இருந்தாள். மூச்சு சீராக ஏறி இறங்கியது. கண்கள் மூடியிருந்தன. தலை ஜன்னல் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது, மிச்சமிருந்த மஞ்சள் வெயில் முகத்தில் விழும்படி. போர்வையைக் காணோம். கால்கள் முழங்கால் வரை ஈரமான, மக்கின இலைகளுக்குள் இருந்தன.

காலுக்கு நிழல். தலைக்கு வெயில்.

சின்ன விரல் ஒவ்வொன்றிலும் ஒரு காம்பு. மணிக்கட்டு கட்டில் சட்டத்தோடு கட்டப்பட்டிருந்தது. நீல நூல். எட்டு போட்ட முடிச்சு. லூசாக, நசுங்காமல், அவள் கட்டுவதைப் போலவே.

"கண்ணு!" என்று கத்தியபடி கால் எடுத்து வைத்தாள். காலடியில் ஏதோ நொறுங்கியது. குனிந்து பார்த்தாள். கட்டிலைச் சுற்றி ஒரு வட்டம். முட்டை ஓடு.

பூச்சி அண்டாமல் இருக்க.

அதைத் தாண்டினாள். தாண்டிய காலின் கணுவில் ஏதோ மெல்லிசாகச் சுற்றிக்கொண்டது. இறுகியது. இந்த முடிச்சு லூசாக இல்லை.

பின்கதவுப் பக்கமிருந்து வாளி தரையில் உரசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. உள்ளே உப்புத்தண்ணீர் தளும்பியது.