பெண் எலிகளுக்கு யார் ஊசி போட்டது?

"கொலையா?"

"அதைவிட மோசம் மேடம். என்னோட பெண் எலிகளுக்கு ஆண் ஹார்மோன் ஏறியிருக்கு."

"எலிங்க புகார் குடுத்துதா?"

"நான் குடுக்கறேன். எழுத்துல."

காலையில் தொலைபேசியில் நடந்த இந்தப் பேச்சை நினைத்துச் சிரித்தபடியே ஆய்வுக்கூடத்தின் மாடிப்படி ஏறினார் இன்ஸ்பெக்டர்.

மேலே போனதும் சிரிப்பு நின்றது.

எலிக் கூண்டுகளுக்கு நடுவே ஒரு பெண் அழுதபடி நின்றிருந்தார். ஐம்பது வயது. பதினோரு வருடமாகக் கூண்டு கழுவுகிறவர். எல்லோருக்கும் கூண்டக்கா.

"இவங்கதான்," என்றார் தொலைபேசியில் அழைத்திருந்த டாக்டர். "ஹார்மோன் ஃபிரிட்ஜ் சாவி இவங்ககிட்டதான் இருக்கு. ஊசி போட்டு என் ஆராய்ச்சியைக் கெடுத்துட்டாங்க. வேலையிலேர்ந்து நான் தூக்கிட்டேன். நீங்க தூக்கி உள்ள வைங்க."

"சத்தியமா இல்ல மேடம். ஊசியைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும்."

இன்ஸ்பெக்டர் ஃபிரிட்ஜைத் திறந்தார்.

ஒரு குப்பிகூடக் குறையவில்லை... ஒரு சீல்கூட உடையவில்லை.

"டாக்டர், இங்க இருக்கற இருபது பெண் எலிக்கும் ஏறியிருக்கா?"

"பத்துக்குத்தான். இன்னொரு பத்து, தண்ணியில ஆன்டிபயாடிக் குடிக்குது. அதுங்க நார்மல்."

"கூண்டக்கா, புதுசா ஏதாவது செஞ்சீங்களா?"

"கூண்டு கழுவினா பழைய வாசனை போயிடும் மேடம். பாவம், மிரளும். அதனால புது மரத்தூளோட ஒரு பிடி பழைய தூளும் போடுவேன். ரெண்டு மாசமா கை மறதியா பொண்ணுங்க தூளை முதல்லயே குப்பையில கொட்டிடறேன். அதான், பக்கத்துல பசங்க, அந்த ஆண் எலிங்க கூண்டுலேர்ந்து ஒரு பிடி..."

"இருபது கூண்டுக்கும்?"

"ஆமா."

"அந்தத் தூள்ல என்ன இருக்கும்?"

"என்ன இருக்கும்... பசங்க புழுக்கைதான்."

"அதைத் தின்னுமா?"

"எலிக்கென்ன வெக்கம்?"

தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார் டாக்டர்.

"ஹார்மோன் குடல் பாக்டீரியாவை மாத்தும்... அதைத்தான் ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தேன். இது தலைகீழ். ஆணோட பாக்டீரியா பெண்ணோட குடலுக்குப் போய் ஹார்மோனை ஏத்தியிருக்கு. ஆன்டிபயாடிக் குடிச்ச வயித்துல பாக்டீரியா தங்கல. அதான் அதுங்களுக்கு ஏறல..."

"அப்போ குற்றவாளி புழுக்கையா? அதுக்கு நான் எந்தக் கையில விலங்கு மாட்ட?"

டாக்டர் காதில் வாங்கவில்லை. முகத்தில் திடீரென்று மாப்பிள்ளைக் களை.

"மேடம், நான் கண்டுபிடிச்சுட்டேன். இன்னிக்கே கட்டுரை எழுதறேன். அந்தப் புகாரைக் கிழிச்சுப் போடுங்க."

இன்ஸ்பெக்டர் புகார்க் காகிதத்தை நிதானமாகப் பிரித்தார்.

"எதுக்குக் கிழிக்கணும்? 'பெண் எலிகளின் ஹார்மோனை மாற்றியவர் கூண்டு கழுவும் இவரே. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.' கீழே உங்க கையெழுத்து. முத்திரை வேற. கண்டுபிடிச்சது யாருன்னு இதைவிடத் தெளிவா எழுத முடியுமா டாக்டர்?"

டாக்டர் காகிதத்துக்குக் கை நீட்டினார். இன்ஸ்பெக்டர் அதை மடித்துப் பைக்குள் வைத்தார்.

கூண்டக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதுவரை டாக்டரின் ஒன்பது கட்டுரைகள் வெளிவந்திருந்தன. ஒன்பது முறையும் தொண்டை வரை வந்ததை விழுங்கியிருந்தார்.

இன்று விழுங்கவில்லை.

"வேலையைத் திருப்பிக் குடுங்க சார். அப்புறம்... கட்டுரையில எலிக்குக்கூட நம்பர் போட்டு எழுதறீங்க. எனக்குப் பேரே இருக்கு. அதையும் போடுங்க."