மூன்றாவது கிரேன்

படம் எடுக்கும்வரை கப்பலின் மூன்றாவது கிரேனுக்குக் கை இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தார், அதில் இல்லை. நிமிர்ந்து கப்பலைப் பார்த்தார், அங்கும் இல்லை. பனிமூட்டத்தின் வேலை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

இருபது வருடமாக ஞாயிறு தவறாமல் அலைதடுப்புச் சுவரின் நுனியில் நின்று, துறைமுகத்துக்குள் வரும் கன்டெய்னர் கப்பல்களைப் படம் பிடிப்பவர் அவர். பழைய படத்தோடு ஒப்பிட்டு, எந்தக் கிரேன் இடம் மாறியிருக்கிறது, எதைக் கழற்றிவிட்டார்கள் என்று கப்பலுக்கு ஓர் அட்டையில் குறித்துவைப்பார். யாரும் கேட்காத கணக்கு. ஆனால் ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவர் அல்லவா, தன் கண் தவறியது என்று மட்டும் ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

போன வருடம் இதே கப்பல் நேர்முகமாக வந்தபோது, மூன்றாவது கிரேன் இரண்டாவதின் பின்னால் மறைந்துவிட்டது. இவர் 'மூன்றாவது கழற்றப்பட்டது' என்று அட்டையில் எழுதிவிட்டார். அந்தக் கிரேனை ஓட்டுகிறவனே அவர் மைத்துனன்தான். போனில் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்ப நான் எதுல உக்காந்திருக்கேன், மாமா?"

ஒரு கோடு கிழித்து அடித்திருக்கலாம். படம் பார்த்து எழுதியதைப் படம் பார்த்துத்தான் திருத்துவேன் என்று வீம்பு பிடித்தார். சரி, இந்த முறை கேபினில் ஏறி உட்கார்ந்து கையாட்டுகிறேன், ஆசைதீர எடுங்கள் என்று அவனும் சொல்லியிருந்தான். பதினொரு மாதம் கழித்து வருகிற தம்பியைப் பார்க்க மனைவியும் வந்து பக்கத்தில் நின்றாள்.

சாயங்காலம் நாலு மணிதான் ஆகியிருந்தது. ஆனாலும் வெளிச்சம் செத்துக் கிடந்தது. பாசியும் டீசலும் கலந்த வாடை ஈரக்காற்றோடு தொண்டைக்குள் இறங்க, கப்பல் கண்ணுக்குத் தெளியும் முன்பே எஞ்சின் சத்தம் காலடிக் கல்லில் வந்து அதிர்ந்துகொண்டிருந்தது. கேபின் ஜன்னலில் ஒரு கை அசைந்தது. மனைவியும் கையாட்டினாள். அவர் இன்னொரு படம் எடுத்தார்.

போன் அடித்தது.

"மாமா, கிரேனோட கை எங்க போச்சு?" அவன் குரல் வழக்கம்போல இல்லை. "ஏணியும் இல்ல. இப்பதான் ஏறி வந்தேன்."

என்ன நடக்கிறதென்று அவருக்குப் புரியாமல் இல்லை. அட்டையில் எழுதியது நடந்துகொண்டிருந்தது. அப்படியானால் அட்டையைத் திருத்த வேண்டும். திருத்தப் படம் வேண்டும். கேபினைத் தாங்கும் தூண் இன்னும் நிற்கிறதே, அது ஒழுங்காகப் படத்தில் விழுந்துவிட்டால் போதும். இருபது வருடப் பழக்கம் வேறெதையும் யோசிக்க விடவில்லை.

"எடுக்காதீங்க, மாமா."

விரல் அழுத்திவிட்டது.

திரையில் இரண்டு கிரேன்கள். தளம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அட்டை சொன்னபடியே, அச்சு அசலாக.

அவர் நிமிரப் பயந்தார். எஞ்சின் சத்தம் மெல்லக் கடந்து போனது. தண்ணீரில் எதுவும் விழவில்லை. விழும் சத்தத்துக்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை.

மனைவி அவர் தோளைப் பிடித்தாள். நகம் சதைக்குள் இறங்கியது.

"அவனை இறக்குங்க," என்றாள்.

நிமிர்ந்தார்.

கப்பல் துறைமுகத்துக்குள் போய்விட்டது. அவன் போகவில்லை. வெறும் தண்ணீருக்கு மேலே, ஏழு மாடி உயரத்தில், முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் போன். மறு கை, இல்லாத கதவின் கைப்பிடியைத் தேடிக்கொண்டிருந்தது.