பல்பு கழற்றிய விளக்கு

பணிமனை அலுவலகத்தில் அப்போது இருந்தவர்கள் மூன்று பேர். ஜன்னலோர நாற்காலியில் மேலாளர். கதவருகே பழைய டயர்மேல் டிரைவர். அவன் மெக்கானிக்கின் மனைவிக்குத் தம்பி. ஸ்டூலின் நுனியில் மெக்கானிக். மூவரும் உள்ளே இருக்க, மழை ஓய்ந்த முற்றத்தில் யாரோ 'புஸ்' என்று பெருமூச்சு விட்டது மெக்கானிக்குக்கு மட்டும் கேட்டது.

"ட்ரெய்லர்ல குறை இல்லன்னு லெட்டர் எழுதிக் குடுப்பா. அதைக் காட்டினாத்தான் சரக்கு ஏத்துவாங்க," என்றார் மேலாளர்.

"மாமா எழுதி முடிக்கிறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன்," என்றான் டிரைவர்.

மேலாளர் சிரித்தார். மெக்கானிக்கால் முடியவில்லை.

போன மாதம் இதே ட்ரெய்லரின் பின்புறம் மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கு அணையாமல் எரிந்தது. சாவி போட்டதும் எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு என்று அர்த்தம்; பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கலாம். கோளாறைத் தேட நேரமில்லை. எரிவது தெரியாமலிருக்க மெக்கானிக் பல்பைக் கழற்றினான். ஈரமான இறக்கத்தில் ட்ரெய்லர் மடங்கி வந்து கேபினை நசுக்கியது. தீப்பிடித்தது. அன்று ஓட்டிய டிரைவர் உள்ளேயே எரிந்துபோனார். பல்பு விஷயம் யாருக்கும் தெரியாது. ட்ரெய்லருக்குப் புது பெயின்ட் அடித்தாயிற்று. கோளாறு அப்படியே இருந்தது.

"பார்த்துட்டு வந்துடறேங்க."

லாரி தள்ளி நின்றது. ட்ரெய்லர் தனியே, மின்கம்பியும் காற்றுக்குழாயும் எதிலும் மாட்டப்படாமல் தொங்க, புது பெயின்ட் வாசனைக்கு அடியில் கருகிய ரப்பரின் நெடியை இன்னும் மறைக்க முடியாமல், மழைநீர் சொட்டச் சொட்ட நின்றிருந்தது.

புஸ். முன்சக்கரம்.

சாவி போட்டால் பிரேக் வால்வுகள் இப்படித்தான் ஒவ்வொன்றாகத் தம்மைச் சோதித்துக்கொள்ளும். ஆனால் சாவி இல்லை. காற்றும் இல்லை.

புஸ். அடுத்தது. இன்னும் பக்கத்தில்.

புஸ். அவன் முழங்காலருகே.

மஞ்சள் வெளிச்சம். பல்பில்லாத குழியிலிருந்து. அணையவில்லை.

அலுவலகத்துக்கு ஓடிவந்தான். சொல்லிவிட வேண்டும். சொன்னால் வேலை போகும், ஜெயில். சொல்லாவிட்டால் மச்சான்.

"என்னப்பா, ஏதாவது இருக்கா?"

வாய் திறந்தது. "ஒண்ணுமில்லைங்க."

'குறை ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு, உறையை ஒட்டி, முத்திரை குத்தினான்.

அதற்குள் லாரியில் ட்ரெய்லரைப் பூட்டியிருந்தார்கள். எஞ்சின் ஓடியது. உறையைக் கேபின் ஜன்னலுக்கு உயர்த்தினான். உள்ளிருந்து ஒரு கை நீண்டு வாங்கிக்கொண்டது. சூடு. கருகிய மயிரின் வாடை. உறையைப் பிடித்த விரல்களில் நகமில்லை.

முதுகுக்குப் பின்னால், குனிந்து ஷூ கயிற்றை முடிந்தபடி மச்சான் சொன்னான்:

"லெட்டரைக் குடுங்க மாமா, நேரமாச்சு."

கேபின் கண்ணாடி மெல்ல மேலேறி மூடிக்கொண்டது.