துணைக்கு ஒரு ஞாபகம்

ஈரோடு காய்கறிச் சந்தைக்குள் தன்விகா நுழைந்தால் யாராவது ஒருவர் அவள் பையில் சும்மாவே எதையாவது போட்டுவிடுவார்கள். அன்று காலை ஒரு கீரைக்காரம்மா முருங்கைக்கீரைக் கட்டைத் திணித்து, கண் கலங்கி, "நல்லா இருக்கோணும் சாமி" என்றாள். தன்விகாவுக்கு அந்த அம்மாளை அடையாளமே தெரியவில்லை. ஆனாலும் தலையை லேசாகச் சாய்த்து, பல வருடம் பழகியவளைப் போலச் சிரித்தாள். அவளுடைய துறையில் அது எழுதாத விதி. யார் சிரித்தாலும் திருப்பிச் சிரித்துவிட வேண்டும். எந்த வீட்டுக் குழந்தையை எப்போது மீட்டுத் தூக்கி வந்தோம் என்று யாருக்குத் தெரியும்?

தெரியாதபடி பார்த்துக்கொள்வதுதான் சட்டம். இணைய வலையில் குழந்தைகளைச் சுரண்டுகிறவர்களைப் பிடிக்க மாநிலச் சட்டமன்றம் கொண்டுவந்த தடயமின்மைச் சட்டம், எந்த சர்வரின் கதவையும் காத்திருக்காமல் திறக்கும் அதிகாரத்தை விசாரணை அதிகாரிகளுக்குக் கொடுத்தது. முன்பெல்லாம் அனுமதி வந்து சேர்வதற்குள் ஆள் பறந்திருப்பான். அந்த அதிகாரத்துக்குப் பதிலாகச் சட்டம் ஒன்றைக் கேட்டது. அந்தப் படங்களின் பிரதி எங்குமே மிஞ்சக் கூடாது. வன்தட்டில் கூடாது, மேகக் கிடங்கில் கூடாது, பார்த்த அல்லது விவரம் கேட்ட அதிகாரியின் தலைக்குள்ளும் கூடாது. விசாரணை முடிந்ததும் நினைவுநீக்கி நாற்காலியில் போய் உட்கார வேண்டும். துறையில் அதைக் கழுவல் என்பார்கள். படத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்கும் சாமர்த்தியம் அந்த எந்திரத்துக்கு இன்னும் வரவில்லை. குழந்தையின் முகமும் பெயரும் சேர்ந்தே போய்விடும்.

கீரையோடு வெளியே வரும்போது அரசு வக்கீல் பிரணவ் அழைத்தான்.

"மேடம், உடனே கோர்ட்டுக்கு வாங்க. அந்தப் பொண்ணு உங்ககிட்ட மட்டுந்தான் பேசுவேங்குது."

"எந்தப் பொண்ணு?"

"மயிலா. பத்து வயசு. மூணு மாசத்துக்கு முன்னாடி நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்க."

மயிலாவுக்கு வலையில் ஓவியம் கற்றுக்கொடுத்த ஒருவன்தான் குற்றவாளி. படங்களை அழித்தாகிவிட்டது. அவை இருந்தன என்று அழிக்குமுன் கணினி கொடுத்த சான்றை வைத்துக்கொண்டு அவனைக் காவலில்தான் வைக்கலாம். வழக்கு நிற்க வேண்டுமென்றால் மயிலா வாய் திறக்க வேண்டும். யாரிடம் சொல்வது என்பதைத் தீர்மானிப்பது குழந்தையின் உரிமை. காவல் கெடு முடியும் இன்று மாலைக்குள் அவள் சொல்லாவிட்டால் அவன் வெளியே வந்து, மயிலாவின் பக்கத்துத் தெருவில் உள்ள தன் வீட்டுக்கே திரும்பிவிடுவான்.

குழந்தைகள் அறைக்குள் நுழைந்ததுமே மயிலா "அக்கா!" என்று ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தன்விகா தலையை லேசாகச் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சின்னக் கை தளர்ந்தது.

"அன்னிக்கு என்னத் தூக்கிட்டுப் படி எறங்கறப்ப என்ற காதுல ஒண்ணு சொன்னீங்களே. அதத் திருப்பிச் சொல்லுங்க."

பயப்படாதே என்றுதான் சொல்லியிருப்பாள். வேறென்ன சொல்லியிருக்கப் போகிறாள்? வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இந்தக் குழந்தையிடம் ஏற்கெனவே ஒருவன் நல்லவன் போலப் பேசிப் பேசிப் பொய் சொல்லியிருக்கிறான். தன்விகாவுக்கு மனசு வரவில்லை.

"எனக்கு ஞாபகமில்ல அம்மணி. அழிச்சுட்டாங்க. பாத்தது, உன்ற முகம், எல்லாமே."

"இப்பச் சிரிச்சீங்களே?"

"யாரப் பாத்தாலும் அப்படித்தான் சிரிப்போம்."

மயிலா பிடித்திருந்த கையை விட்டாள். "அப்ப எனக்கும் அழிச்சு உட்ருங்க அக்கா."

"பதினெட்டு வயசு ஆகோணும். வளர்ற மூளைக்கு அது ஆகாது."

"அதுவரைக்கும்?"

எல்லாவற்றையும் யோசித்துச் சட்டம் எழுதிய மகானுபாவர்கள் இதை யோசிக்காமல் விட்டுவிட்டார்கள். உலகத்தில் எங்கும் பிரதி இருக்கக் கூடாது என்றார்கள். ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது, அதுவும் ஒரு பத்து வயதுத் தலைக்குள்.

"அம்மாகிட்டச் சொன்னா அழுகுது. டாக்டரம்மா முழுசாக் கேக்கச் சட்டத்துல எடமில்லயாம். எனக்கு மட்டுந்தான் தெரியுமா இது?" என்றாள் மயிலா. "சொல்றனுங்க அக்கா. ஆனா இந்தத் தடவ நீங்க மறக்கக் கூடாது. எனக்குத் துணைக்கு ஒரு ஆளாச்சும் வேணும்."

"மறக்க மாட்டேன்" என்றாள் தன்விகா. சொன்னபோது அதை நிஜமாகத்தான் சொன்னாள்.

மயிலா சொன்னாள். நிறுத்தி நிறுத்தி, கேட்பவளின் விரல்களை நசுக்கிக்கொண்டு, கடைசிவரை சொன்னாள். வழக்குக்குத் தேவையான நாலு வரியை மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்த தன்விகா நேராகப் பிரணவிடம் போனாள்.

"நான் கழுவலுக்கு வரல."

"மேடம், கேட்டவங்க கழுவாம இருந்தா வாக்குமூலமே செல்லாது. உங்க தலைக்குள்ள பிரதி இருக்குன்னு அவன் வக்கீல் எந்திரிச்சு நிப்பாரு. சாயங்காலமே அவன் வெளிய வந்துருவான்."

"பேர மட்டுமாவது விட்டு வைக்கச் சொல்லுங்க பிரணவ். வெறும் பேரு."

"முடியாதுங்க மேடம்."

அவனைத் திட்டினாள், சட்டத்தைத் திட்டினாள். இந்தச் சட்டம் வர வேண்டும் என்று கல்லூரி நாளில் கொடி பிடித்து ஊர்வலம் போனவளும் அவள்தான். தப்பாகவும் கேட்டுவிடவில்லை, எத்தனையோ குழந்தைகளின் படங்கள் இன்று எவன் கையிலும் இல்லை. அதை நினைத்தபோது அழுகை வந்தது. உள்ளங்கையில் பேனாவால் பெயரை எழுதிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். செவிலி அதைப் பஞ்சால் துடைத்தாள். எந்திரம் தலையைச் சுற்றி இளஞ்சூடாக இறங்கியது. தன்விகா பெயரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, எதை முணுமுணுக்கிறோம் என்று தெரியாமல் நிறுத்தினாள்.

அடுத்த வாரம் சந்தையில் ஒரு சிறுமி தன் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிவந்து எதிரே நின்றாள். மூச்சு வாங்கியது.

"அக்கா!"

தன்விகா தலையை லேசாகச் சாய்த்து, பல வருடம் பழகியவளைப் போலச் சிரித்தாள்.

சிறுமி அந்தச் சிரிப்பையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஒண்ணுமில்லீங்க அக்கா. வேற ஆளுன்னு நெனச்சுட்டேன்."

"பரவால்ல அம்மணி" என்று சொல்லிவிட்டு, தன்விகா தக்காளி பொறுக்கத் தொடங்கினாள்.