நாற்பது ஓம்

ஆலை குவார்ட்டர்ஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள் ஒப்பந்த எலக்ட்ரீஷியன் இசைப்பிரியா. அதே ஆலையின் கருவியியல் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற புஷ்பவல்லி, உள்ளே வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் கணவர் நல்லசாமி ஆவலாக நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நாளையோட என் கேட் பாஸை ரத்து பண்றாங்க மேடம். பம்ப் ஹவுஸ்ல தண்ணி மட்டம் காட்டுற மீட்டர் அப்பப்ப அப்படியே நின்னு போவுது. வியாழக்கிழமை நின்னப்ப தண்ணி ஏறி மோட்டாரே முழுவிடுச்சு. கேபிள் போட்டது நானு. அதனால என் தப்புன்னு சொல்லிக்கினு இருக்காங்க. வேலை போயிடுமோன்னு எங்கம்மா சாப்புடறதே இல்லீங்க."

"யாரு சொல்றாங்க கண்ணு?"

"சூப்பர்வைசர் அருண்ராஜ் சாருங்க. டேட்டா ஒயரு பதினஞ்சு மீட்டருக்கு மேல வேலை செய்யாதாம். நான் முந்நூறு மீட்டர் இழுத்துட்டேனாம்."

"பக்கத்துல மோட்டார் ஓடுதில்ல? அந்த இரைச்சல்தான் ஒயர்ல ஏறுது!" என்றார் நல்லசாமி.

"ஞாயித்துக்கிழமை எப்படி?" என்று கேட்டார் புஷ்பவல்லி.

"மோட்டார் ஓடுங்க. ஆனா மீட்டர் நின்னதே இல்ல. நைட் ஷிப்ட்லயும் நின்னதில்ல."

புஷ்பவல்லி கத்தியைக் கீழே வைத்தார். "ஒயரோட முனையில என்ன போட்ட?"

"ரெண்டு முனையிலயும் நூத்தியிருபது ஓம் ரெசிஸ்டர். நடுவுல எதுவும் இல்லீங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு பம்ப் ஹவுஸில் ஒப்பந்த நிறுவனத்தின் மேனேஜர் வெள்ளைச்சாமியும் அருண்ராஜும் நின்றார்கள். புஷ்பவல்லியோடு நல்லசாமியும் வந்திருந்தார். புஷ்பவல்லி எல்லாவற்றுக்கும் கரண்டை நிறுத்தச் சொன்னார். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் கேபிளுக்குள் இருந்த இரண்டு ஒயர்களில் வைத்தார். அது நாற்பது ஓம் காட்டியது. இசைப்பிரியா குனிந்து பார்த்தாள். அது வரவேண்டிய எண் இல்லை.

"பதினஞ்சு மீட்டர்னு சொன்னது பழைய கம்ப்யூட்டர் ஒயருக்கு," என்று நிதானமாக ஆரம்பித்தார் புஷ்பவல்லி. "அதுல ஒரே ஒயர்தான் பேசும். தரையோட ஒப்பிட்டு பிளஸ்ஸா மைனஸான்னு பார்க்கும். நீளம் கூடினா, இரைச்சல் சேர்ந்தா குழம்பிடும். இது வேற ரகம். இதுல ஒரு ஒயர் ஏறினா இன்னொண்ணு இறங்கும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கணக்கு. மோட்டார் இரைச்சல் ரெண்டுலயும் ஒண்ணு போல விழறதால வித்தியாசம் மாறாது. இது ஒரு கிலோமீட்டர்கூடத் தாங்கும். கேபிள் போட்டதுல தப்பில்லீங்க."

"அப்புறம் ஏன் நிக்குது?" என்றார் வெள்ளைச்சாமி.

"ரெண்டு நூத்தியிருபது பக்கத்துப் பக்கத்துல சேர்ந்தா அறுபது. நாற்பது வரணும்னா மூணாவது ஒண்ணு சேர்ந்திருக்கணும். யாரோ இந்த ஒயர்ல இன்னொரு பெட்டியை மாட்டியிருக்காங்க. அது பகல்ல மட்டும் உயிரோட இருக்கு, ஞாயித்துக்கிழமை தூங்குது. இந்தக் கேபிள் போற வழியில, ஆபீஸ் நேரத்துல மட்டும் திறந்திருக்கிற அறை எது?"

எல்லாருடைய பார்வையும் அருண்ராஜ் பக்கம் திரும்பியது. நல்லசாமி அதற்குள் அருண்ராஜின் கேபினை நோக்கி ஓடியிருந்தார். "மேசைக்கு அடியில இருக்குதுங்க!" என்று சற்று நேரத்தில் அங்கிருந்து போனில் கத்தினார். எல்லாரும் அங்கே போனார்கள். தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கையளவு டிஸ்ப்ளே பெட்டி ஒன்று. புஷ்பவல்லி அதைப் புரட்டிப் பார்த்தார். தண்ணீர் மட்டத்தை அளக்கும் சென்சாருக்குக் கொடுத்த அதே அடையாள நம்பர் இதிலும். மீட்டர் அந்த நம்பரைக் கூப்பிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். ஒன்றும் புரியாமல் மீட்டர் நின்றுபோகும்.

அருண்ராஜின் முகம் வேர்த்தது. "தண்ணி மட்டம் பார்க்க வெயில்ல பம்ப் ஹவுஸ் வரைக்கும் நடக்க முடியலன்னுதான் சார் மாட்டினேன். மோட்டார் முழுவினதும் பயம் வந்திடுச்சு."

"பயந்தா அந்தப் பொண்ணு தலையிலயா போடுவீங்க?" என்றார் வெள்ளைச்சாமி. பிறகு இசைப்பிரியாவிடம் திரும்பி, "தப்பா நினைச்சிட்டோம்மா. உன் பாஸ் அப்படியே இருக்கும். பெட்டியை நீயே கழட்டு," என்றார்.

கழற்றி முடித்துவிட்டு அவள் வெளியே வந்தாள். ஐந்து நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் போன இடம் தெரியவில்லை. போனை எடுத்தாள். மறுமுனையில் அம்மா குரல் கேட்டதும் இவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"வேலை போவலம்மா. நீ மொதல்ல சாப்புடு."