இடது காதுக்கு மட்டும்

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் அவள் முதலில் பார்த்தது அவனை அல்ல... அவன் கையிலிருந்த பெட்டியை.

பேருந்து நிறுத்தத்தின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவன் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்தான். போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் செருகிக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர். அவள் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அது அவள் வரைந்த சர்க்யூட்! அண்ணன் நடத்தும் சின்னப் பட்டறையில், அவள் கையால் சோதித்து அனுப்பிய முதல் நூறில் ஒன்று.

எவ்வளவு நீளமான விரல்கள்... என்று நினைத்தவள் மறுநொடியே முகம் சுளித்தாள். வால்யூம் குமிழின் மேல், காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி வெள்ளை டேப்!

"அதுல... ஏன் டேப் ஒட்டியிருக்கீங்க?"

அவன் திரும்பினான். நனைந்த இமைகள்... அவற்றுக்குள் சிரிக்கிற கண்கள்.

"நகராம இருக்கத்தாங்க. நான் ரொம்ப சன்னமா வெச்சுக் கேக்கிறவன். குமிழைத் தொட்டதும் இடது காதுல மட்டும் கேக்குது. வலது காது தூங்குது. அதை எழுப்பறதுக்குள்ள சத்தம் ஏறிடுது. ரெண்டுக்கும் நடுவுல நூலளவு ஒரு இடம் இருக்கு. அதைத் தேடிப் பிடிச்சு டேப் போட்டிருக்கேன். இதைச் செஞ்ச மகராசன் மட்டும் என் கையில கிடைச்சா..."

"மகராசன் இல்ல."

"என்னது?"

"மகராசி."

அவன் அவளைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். முகத்தில் அசடு வழிந்தது.

"ஒவ்வொண்ணையும் நானே அளந்து பார்த்துதான் அனுப்பறேன். ரெண்டு பக்கமும் சரிசமம். உங்களுக்கு ஒரு பக்கம் கேக்கலைன்னா..." பேருந்து வந்து நின்றது. படியில் கால் வைத்தபடியே முடித்தாள். "காது டாக்டரைப் பாருங்க!"

ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குப் படபடத்தது. நானா இப்படிப் பேசினேன்? வீட்டில் சாப்பாடு போதும் என்று சொல்வதற்கே நாலு தடவை யோசிக்கிறவள்...

பத்து நாள் கழித்து, பட்டறை வாசலில் அதே கண்கள்.

உள்ளே அடுத்த ஐந்நூறு பெட்டிகள் விற்பனைக்கான அட்டை உறைகளில் ஏறிக்கொண்டிருந்தன. அண்ணன் நிமிர்ந்து பார்த்தான்.

"டாக்டரைப் பார்த்துட்டேங்க." வந்தவன் ஒரு தாளை மேசைமேல் விரித்தான். "ரெண்டு காதும் அச்சடிச்ச மாதிரி ஒண்ணா இருக்காம். 'யாருங்க உங்களை அனுப்பினது'ன்னு டாக்டரே கேட்டார்."

"யாரு அனுப்பினது?" என்றான் அண்ணன்.

அவள் தரையைப் பார்த்தாள்.

விஷயத்தைக் கேட்டுக்கொண்ட அண்ணன் சிரித்தான். "சார், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வெச்சுக் கேளுங்க. கால் திருகு திருகினாலே காது அதிரணும். அதான் எங்க பெட்டியோட கெத்து!"

"கூட்ட முடியாதுங்க. பேட்டிப் பதிவுகளைக் கேட்டு எழுதிக் குடுக்கிறது என் வேலை. அம்மாவுக்கு இடுப்புல ஆபரேஷன் ஆகியிருக்கு. பக்கத்து ரூம்லேருந்து கூப்பிட்டா எனக்குக் கேக்கணும். டேப் போட்ட அளவுலகூடப் போன வாரம் கேக்கலை... அவங்களே எழுந்திரிக்கப் பார்த்திருக்காங்க. நல்லவேளை, கட்டில் கம்பி கைக்கு எட்டுச்சு." அவன் அவள் பக்கம் திரும்பினான். "பேட்டியில கேள்வி கேக்கிறவர் குரல் இடது பக்கம் வரும். பதில் சொல்றவர் வலது பக்கம். சத்தத்தைக் குறைச்சா எனக்குக் கேள்வி மட்டும்தாங்க வருது. பதிலே வர மாட்டேங்குது."

குடுங்க, பார்க்கிறேன்... அதைத்தான் சொல்ல நினைத்தாள். ஆனால் முன்னால் அண்ணன். பின்னால் ஐந்நூறு பெட்டிகள். அவள் வரைந்த முதல் சர்க்யூட். நாக்கு வேறொன்றைச் சொல்லிவிட்டது.

"எல்லாம் கணக்குக்குள்ளதான் இருக்கு. பெட்டியில குறை இல்ல."

அவன் கண்களில் இருந்த சிரிப்பு அணைந்தது. கோபப்படவில்லை... கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"எனக்கே காது குத்துறீங்களே..." என்றான் மெதுவாக. பெட்டியை மேசைமேல் வைத்தான். "இதை நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு உதவாது."

போய்விட்டான்.

மத்தியானம் முழுக்க அந்தப் பெட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் டேப்பைப் பிரித்தாள். மீட்டரில் மாட்டினாள். எப்போதும் குமிழைப் பாதியில் வைத்துத்தான் அளப்பாள். அன்று, தொட்டும் தொடாமலும் திருப்பி அளந்தாள்.

வலது பக்கம் ஏழு டெசிபல் குறைவு.

அட்டையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். ஐந்து குறைவு. பத்தை அளந்ததில் ஆறு அப்படி. வெளியே தெரிவது ஒரே குமிழ்தான். உள்ளே காதுக்கு ஒன்றாக, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற இரண்டு கரித்தடங்கள். நடுப்பகுதியில் அவை சேர்ந்தே நடக்கும். தொடக்கத்தில் மட்டும் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். இது அவளுக்குத் தெரியாததல்ல. அவ்வளவு மெதுவாக வைத்து யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். அதுதான் தப்பு.

வைத்தியமும் தெரியும். பெட்டி சத்தத்தைப் பெருக்கும் அளவை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் போதும். மெல்லிய சத்தத்துக்கே குமிழ் பாதி தூரம் வந்துவிடும். அங்கே இரண்டு தடமும் சமம். பெட்டிக்கு இரண்டு ரெசிஸ்டர் மாற்ற வேண்டும். ஆனால் அண்ணனின் கெத்து?

"அண்ணா... தப்பு என்னோடது."

அவன் மீட்டரைப் பார்த்தான். "குறைச்சா கால் திருகுல அதிராதே?"

"முக்கால் திருகு தாண்டினா அதிரும். கத்தணும்கிறவனுக்குக் கத்தும்... மெதுவா கேக்கிறவனுக்கும் ரெண்டு காதும் கேக்கும்."

"ஐந்நூறையும் யாரு பிரிக்கிறது?"

"நான்."

"அந்த ஆளுக்காகவா?"

"பெட்டிக்காக."

"காதுல பூ சுத்தாதே," என்றான் அண்ணன். ஆனால் கத்தரிக்கோலை எடுத்து முதல் அட்டையைப் பிரித்தது அவன்தான்.

ஆர்டர் சீட்டில் விலாசம் இருந்தது. மறுநாள் காலை, திருத்திய புதுப் பெட்டி ஒன்றோடு, தூறலில் நனைந்தபடி அந்தக் கதவைத் தட்டினாள். அவன்தான் திறந்தான்.

"மறுபடி டாக்டர்கிட்ட அனுப்பப் போறீங்களா?"

"இல்ல... மன்னிப்புக் கேக்க வந்தேன். உங்க காது சரி. என் குமிழ்தான் தப்பு. நேத்து அண்ணன் எதிர்ல சொன்னதும் தப்பு."

அவன் கண்கள் மெல்ல... மெல்லச் சிரிக்க ஆரம்பித்தன.

"யாருப்பா அது?" உள்ளேயிருந்து தளர்ந்த குரல்.

"மகராசிம்மா."

"அந்த மகராசியா! உள்ளே வரச் சொல்லு. பத்து நாளா இந்த வீட்ல வேற பேச்சே..."

"அம்மா!"

அவன் தன் அறையில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினான். புதுப் பெட்டி. குமிழைப் பாதிவரை தாராளமாகத் திருப்பினான். "பதில் வருதுங்க! ரெண்டு குரலும் வருது!" விரல்கள் தட்டச்சில் ஓடத் தொடங்கின.

அவள் பக்கத்து அறைக்குப் போய், அவன் அம்மாவின் கட்டிலருகே நின்றாள்.

"அவனுக்கு இங்கேருந்து கேக்குதான்னு பார்க்கணும், இல்லையா? எனக்கு இன்னைக்குத் தொண்டை கட்டியிருக்கும்மா. நீயே கூப்பிட்டுப் பாரேன்."

"என்னன்னு... கூப்பிடறது?"

"நான் தம்பின்னு கூப்பிடுவேன். உன்னைவிட நாலு வயசாவது பெரியவனா இருப்பான். நீ அண்ணான்னு கூப்பிடு."

அவள் வாயைத் திறந்தாள். பேருந்து நடத்துநரை, பார்சல் கொண்டுவருகிறவரை, வழி கேட்கிற யாரையும் யோசிக்காமல் கூப்பிடுகிற சொல். ஒரு நாளைக்கு நூறு தடவை தானாக வருவது... இப்போது வரவில்லை.

"அது வேண்டாமே..."

"ஏம்மா? எல்லாப் பொண்ணுங்களும் அப்படித்தானே கூப்பிடுவாங்க?"

"அவரை மட்டும்... அப்படிக் கூப்பிட மாட்டேன்."

அவளுக்கே கேட்காத குரலில்தான் சொன்னாள். பக்கத்து அறையில் தட்டச்சு நின்றது. நாற்காலி நகர்ந்தது. வாசற்படியில் அவன், கழுத்தில் ஹெட்போனோடு.

"கேட்டுச்சு," என்றான்.

அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அம்மா சாவகாசமாகச் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலைப்பா. வயசாச்சு."

"நான் டாக்டர்கிட்ட போனதே..." அவன் தயங்கினான். "என் காதுல குறை இல்லேன்னு எனக்கே தெரியும்ங்க. உங்களை மறுபடி பார்க்க ஒரு சாக்கு வேணும்னுதான் போனேன்."

ஜன்னலுக்கு வெளியே தூறல் நின்றிருந்தது. அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அப்ப நான்... உங்களை என்னன்னுதான் கூப்பிடறது?"

"'என்னங்க'ன்னு கூப்பிட்டுப் பாருங்களேன்."

அவள் கன்னம் சுட்டது. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தோள்கள் சிரிப்பில் குலுங்கின. ஓடிவிடலாம்போல இருந்தது. ஆனால் ஓடவில்லை. தலையை நிமிர்த்தி, முதல் தடவையாக, அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

"என்னங்க..."

"ம்?"

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."