காலாவதியான அழைப்புக்குறி

நண்பகல் பன்னிரண்டோடு அந்த அழைப்புக்குறியின் ஆயுள் முடிந்துவிட்டது. பன்னிரண்டு நாலுக்கும் யாரோ அதைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஹெட்போனைக் கழற்றப்போன அவள் கை பாதியில் நின்றது. தெருவில் அவளை வானொலிக்காரி என்பார்கள். பள்ளி ஆய்வகத்தில் வேலை. மிச்ச நேரமெல்லாம் மாடி அறையில் இந்த ரேடியோவோடுதான் குடித்தனம். ஐம்பது வருடத்துக்கு முன் ஆட்களோடு மூழ்கிப்போன ஒரு சரக்குக் கப்பலின் நினைவாக, ரேடியோவில் அதன் பெயராக இருந்த பழைய அழைப்புக்குறியையே ஏழு நாளைக்கு மட்டும் அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்டு வாங்கியிருந்தது அவர்களுடைய ரேடியோ சங்கம். ஏழு நாளும் அவள் சொந்தக் குறியை ஓரங்கட்டிவிட்டு அந்தக் கப்பலாகவே பேசினாள். உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் அவளோடு பேச முண்டியடித்தார்கள். எல்லாருக்கும் ஒரே பல்லவிதான்: 'ஐந்து ஒன்பது', அதாவது உங்கள் குரல் கணீரென்று கேட்கிறது, அப்புறம் கப்பல் மூழ்கிய இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, நன்றி, அடுத்தவர். பாதி காதில் விழாதவனுக்கும் ஐந்து ஒன்பதுதான். இந்தக் கிறுக்குப் பிடித்தவர்களுக்குள் அது ஒரு மரியாதைப் பொய்.

நாலு நிமிடத்தில் என்ன குடி முழுகிவிடப்போகிறது, பாவம், ஏமாந்துபோவானே என்று அவளுக்கு மனசு இளகிவிட்டது. இரைச்சலுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அந்தக் குரல் மறுபடி கூப்பிட்டது. தன் குறியை அது சொல்லவேயில்லை. அவள் பதில் கொடுத்தாள். ஐந்து ஒன்பது. மேஜைமேல் கிடந்த சீட்டை எடுத்து அதிலிருந்த இடத்தை வாசித்தாள்.

வெகுநேரம் தண்ணீர் மரத்தில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "இடம் கெடைச்சிருச்சு. படகை அங்க திருப்புறோம்" என்றது குரல்.

அப்போதுதான் கையிலிருந்த சீட்டைக் கவனித்தாள். தப்பான சீட்டு. அதிலிருந்தது அவள் புருஷனுடைய கப்பல் இன்று மாலை இருக்கப்போகும் இடம்.

அவரும் கப்பல்காரர்தான். இருபத்திரண்டு பேர் போகிற சரக்குக் கப்பலில் ரேடியோ அதிகாரி. தினமும் மாலை ஆறு மணிக்குக் கேப்டன் அனுமதியோடு அவளிடம் பேசுவார். மறுநாள் அதே நேரம் கப்பல் எங்கே இருக்கும் என்று சொல்வார். அவள் அதைச் சீட்டில் எழுதிவைத்துச் சுவர் வரைபடத்தில் குண்டூசி குத்துவாள். பதினோரு மாதம் ஓடிவிட்டது. இன்னும் பத்தொன்பது நாளில் வீட்டுக்கு வருகிறார்.

சங்கத்துச் செயலாளருக்குப் போன் போட்டாள். பன்னிரண்டுக்கு மேல் யார் பேசச் சொன்னது என்று முதலில் கடிந்துகொண்டார். யாரோ வேலைவெட்டி இல்லாதவன் விளையாடியிருக்கிறான், பதிவேட்டில் அந்த வரியை அடித்துவிட்டுச் சாப்பிட்டுப் படு என்றார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி மாடிக்குப் போய் அதே அலைவரிசைக்குத் திருப்பினாள்.

துடுப்புச் சத்தம். ஒருவன் எண்ணிச் சொல்ல, பலர் சேர்ந்து இழுக்கிற சத்தம். ஒன்று, இழு. இரண்டு, இழு. மூச்சு வாங்குவது மட்டும் கேட்கவில்லை. ஒரு மணிக்கும் கேட்டது, மூன்று மணிக்கும் கேட்டது. நாலரைக்கு எண்ணிக்கை வேகம் பிடித்தது. ஐந்தேமுக்காலுக்குச் சட்டென்று நின்றது.

ஆறு மணிக்கு அவர் வந்தார். குரலில் உற்சாகம் பொங்கியது.

"ஏம்மா, இங்க ஒரே களேபரம். ஒரு உயிர்காப்புப் படகு பக்கத்துல வந்து நிக்குது. மரப்படகு, அந்தக் காலத்து மாடல். பதினாலு பேர். ஒருத்தரும் வாயத் திறக்கல. ஏணி இறக்குறாங்க."

"என்னங்க, ஏத்தாதீங்க. தயவுசெஞ்சு ஏத்தாதீங்க."

"உன் சத்தமே வரலியே. இருக்கியா?"

தன் குறியைச் சொல்லிக் கூப்பிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். கேட்கலியே என்றார். கடைசியில் வேறு வழி தெரியாமல், செத்த கப்பலின் குறியைச் சொன்னாள்.

"ஐந்து ஒன்பது," என்றது மத்தியானத்துக் குரல். பக்கத்து அறையிலிருந்து வருவதுபோலத் தெளிவாக.

அதற்குமேல் அவர் பேசியது துண்டு துண்டாகத்தான் வந்தது. கை கொடுத்துத் தூக்குகிறோம். என்ன சில்லிப்பு. விடமாட்டேங்கிறான். அம்மா, இவன் கையை விடமாட்டேங்கிறான்.

இரைச்சல்.

இரவெல்லாம் கூப்பிட்டாள். கப்பல் கம்பெனிக்காரர்கள் தொடர்பு இல்லை என்றார்கள், தேடுகிறோம் என்றார்கள். நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று அவர்களிடம் சொல்லி அழுதாள். அவர்களுக்குப் புரியவில்லை.

மறுநாள் ஆறு மணி.

அழைப்புக்குறி வந்தது. செத்த கப்பலுடையது. சொன்னது அவருடைய குரல்.

"படகுல முப்பத்தாறு பேர். இடம் பத்தல. கரைக்கு வரணும். நீ எங்க இருக்கே? இடத்தச் சொல்லும்மா."

பேசாதே என்று அவள் புத்தி கதறியது. பேசினால் வந்துவிடுவார்கள். பேசாவிட்டால் இந்தக் குரல் வேறு யாரிடமாவது இன்னொரு கப்பலின் இடத்தைக் கேட்கும், அல்லது இனி அவள் காதில் விழாமலே போய்விடும். பதினோரு மாதமாக இந்த ஒரு குரலுக்காகத்தான் அவள் உயிரோடு இருந்தாள்.

பொத்தானை அழுத்தினாள்.

கதவு எண்ணைச் சொன்னாள். தெருவைச் சொன்னாள். மாடி அறை என்றாள்.

பிறகு கீழே போய், வாசல் தாழ்ப்பாளை நீக்கி, கதவை அகலத் திறந்துவைத்து, கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.